நத்தையும் நாகரிகமும்

பிறர் உண்ணும் உணவைப்பற்றி ஆராய்வதற்கு முன்பே தீர்ப்பளித்து விடுகின்றோம். யானும் அவ்வாறு தீர்ப்பளித்தவனே. அதனால் ஒரு சிறுவன் மனம் நொந்தது. அதனை எனக்கு உணர்த்தியது கடல்கடந்த நாட்டிலுள்ள ஓர் அடுக்களை.

2023ஆம் ஆண்டு யூலை மாதம் பிலிப்பைன் தீவுகளில், லகுனா மாகாணத்து லொஸ் பாஞோஸ் என்னும் ஊரிலே சில நாள் தங்கினேன். 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் அவ்வூரில் உள்ளது. என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் அங்கே பணிபுரிகின்றார். அவருடைய அயல்வீட்டு மூதாட்டியை எல்லாரும் 'லோலா' என்றே அழைப்பர். தகலொக் மொழியில் அது பாட்டியைக் குறிக்கும்.

ஒருநாள் அம்மூதாட்டியின் அடுக்களை வாயிலில், ஒரு வாளி நிறைய நத்தைகள் ஊர்வதைக் கண்டு, "இவை எதற்கு?" என்றேன். "நாளைக்குக் கறி, பண்டிதர் ஐயா" என்றார் மாணவர். என் முகம் சுளித்தது. லோலாவும் அதைக் கண்டார்.

நத்தையை அந்நாட்டார் 'கூஹோல்' என்பர். வயலிற் பொறுக்கியவற்றை உடனே சமைப்பதில்லை. ஒருநாள் நன்னீரில் விட்டு, நீரை மாற்றி மாற்றிச் சேற்றைக் கக்கச் செய்கின்றனர். இறந்து நாறுவனவற்றை எறிந்துவிடுகின்றனர். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, நுனியைக் கத்தியின் பின்புறத்தால் தட்டி உடைக்கின்றனர். அப்போதுதான் உறிஞ்சுகையில் சதை எளிதில் வெளிவரும். பின்பு கொதிநீரில் அவித்து, அந்நீரை வடிக்கின்றனர். உள்ளி, வெங்காயம், இஞ்சி ஆகியவற்றை வதக்கி, நத்தையை இட்டு, கப்பிப்பாலில் நன்கு வேகவைத்து, ஈற்றில் முதற்பாலும் மிளகாயும் கீரையும் சேர்த்து இறக்குகின்றனர். உவர்ப்புக்கு, உப்பிட்ட மீனிலிருந்து வடிக்கும் 'பதிஸ்' என்னும் சாற்றை விடுகின்றனர். கீரை வள்ளையாகவோ முருங்கையாகவோ இருக்கும். முருங்கைக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'மலுங்கை'. அச்சொல்லைக் கேட்டபோது அயலூரில் நம்மூரவரை எதிர்ப்பட்டாற்போல மகிழ்ந்தேன்.

தேங்காய்ப்பாலுக்கு அவர்கள் மொழியில் 'கத்தா' என்று பெயர். அதன் முதல் மெய்யை அடுத்து 'இன்' என்னும் உறுப்பை நுழைத்து, ஈற்றில் 'அன்' சேர்த்தால், தேங்காய்ப்பாலிற் சமைத்தது என்று பொருள்படும். 'கினத்தாங் கூஹோல்' என்று இக்கறி பெயர்பெற்றது அவ்வாறே. பகுதியைப் பிளந்து உள்ளே புகும் இவ்விலக்கணம் எனக்குப் புதிது.

அவ்வாளியிற் பெரும்பாலானவை பொன்னிற நத்தைகள். அவை தென் அமெரிக்காவுக்கு உரியவை. ஏழை மக்களுக்கு உணவும் வருவாயும் ஆகும் என்று கருதி 1980களின் முற்பகுதியிற் கொண்டுவரப்பட்டன. எதிர்பார்த்த சந்தை வாய்க்கவில்லை. வாய்க்கால் வழியே வயல்களிற் பரவி, இளநாற்றை அடியோடு தின்னத் தொடங்கின. நீர்மட்டத்துக்கு மேலே தாள்களில் அவை இடும் இளஞ்சிவப்பு முட்டைத் திரளை அந்நாட்டு உழவர் நன்கு அறிவர். வயல்நீரை வடித்தும், தாராக்களை மேயவிட்டும், கையாற் பொறுக்கியும் அவற்றோடு போராடுகின்றனர். லோலாவின் வயலும் அவ்வாண்டு நாற்றிழந்து, இரண்டாம்முறை நடப்பட்டிருந்தது.

நஞ்சு தெளித்த வயலின் நத்தையை லோலா தொடார். அரைவேக்காட்டில் இறக்கவும் விடார். எலியின் நுரையீரற் குருதிக்குழாய்களில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தையுடலில் தங்கும். அது மனிதருட் புகுந்தால் மூளையுறை அழற்சி உண்டாகலாம். நன்கு வேகவைத்தலே காப்பு.

மறுநாள் மதியம் எனக்கென்று ஒரு கிண்ணம் தனியே வந்தது. அதில் முருங்கையிலையும் இஞ்சியும் தேங்காய்ப்பாலுமே இருந்தன. நத்தையும் இல்லை, பதிஸும் இல்லை. யான் மரக்கறி உணவினன் என்பதைக் கேட்டறிந்து, வேறு சட்டியிற் சமைத்திருந்தார். தம் உணவைக் கண்டு முகஞ்சுளித்தவனுக்கு, அவனுணவை மதித்துப் பரிமாறினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, என் வகுப்பிலே கடலேரியோரத்துச் சிறுவன் ஒருவன் மட்டிக்கறியோடு சோறு கொண்டுவந்திருந்தான். "இதுவும் ஓர் உணவா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். மாணவர் நகைத்தனர். அன்றுமுதல் அவன் சோறு கொண்டுவரவில்லை. அக்காலத்தில் யான் நடத்திய பாடம் தொல்காப்பிய மரபியல். நந்தும் முரளும் ஈரறிவுயிர்கள் என்று விளக்கிய எனக்கு, ஆறறிவுடைய சிறுவனின் பசி விளங்கவில்லை.

அவன் இன்று எங்குளனோ அறியேன். இவ்வரிகள் அவன் கண்ணிற் படுமாயின், தன் ஆசிரியன் பிழையுணர்ந்தான் என்று அறிவானாக.