நகர்மன்ற நிகழ்ச்சி நிரலும் அலுவலர் நேரமும் (கலிபோர்னியா)

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 480-க்கும் மேற்பட்ட நகரங்கள் உள்ளன. லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற சில பெருநகரங்களைத் தவிர, பெரும்பாலானவை மன்றம்–மேலாளர் முறையில் இயங்குகின்றன. மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் கொள்கை முடிவுகளை எடுக்கிறது. மன்றம் பணியமர்த்தும் நகர மேலாளர் நிருவாகத்தை நடத்துகிறார். இம்முறையில் ஓர் உறுப்பினரின் செல்வாக்கு அவர் போடும் வாக்கில் மட்டும் அடங்குவதில்லை. எந்தப் பொருள் கூட்டத்துக்கு வருகிறது, அதற்காக அலுவலர்கள் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்பவற்றை யார் முடிவு செய்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம்.

முறையின் தோற்றம்

1908-இல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரம் ஊதியம் பெறும் மேலாளர் ஒருவரை நியமித்தது. 1912-இல் தென் கரோலினாவின் சம்டர் நகரம் இதைத் தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. 1913-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் சீரழிந்த ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரம் மறு ஆண்டு இம்முறைக்கு மாறியபின், அது நாடெங்கும் பரவியது. கட்சிக்காரர்கள் தம் ஆட்களை நகராட்சி வேலைகளில் நிரப்புவதைத் தடுப்பதே இதன் முதன்மை நோக்கம். அதனால்தான் இன்றும் பெரும்பாலான நகரங்களில், ஓர் உறுப்பினர் பொறியாளரிடமோ எழுத்தரிடமோ நேரடியாக வேலை ஏவ முடியாது. தகவல் கேட்கலாம், உத்தரவு என்றால் மேலாளர் வழியாகத்தான், அதுவும் மன்றத்தின் பெயரால்தான் செல்ல வேண்டும்.

72 மணி நேர விதி

நிகழ்ச்சி நிரலுக்கு அடித்தளம் 1953-இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டம். உள்ளாட்சி அமைப்புகள் மூடிய அறைகளில் முடிவெடுப்பதை சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ் தொடர் கட்டுரைகளில் அம்பலப்படுத்திய பிறகு, சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் இதைக் கொண்டுவந்தார். இன்றுள்ள விதிப்படி, வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டத்தின் நிரலை 24 மணி நேரத்துக்கு முன்பும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் சுருக்கமாக விவரித்தால் போதும். அந்த விவரிப்பு பொதுவாக 20 சொற்களைத் தாண்டத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. நிரலில் இல்லாத பொருள்மீது, சில அவசர நிலைகள் தவிர, மன்றம் நடவடிக்கை எடுக்கக் கூடாது. ஆகவே நிரலில் ஏறாத பொருள் அன்றைக்கு மன்றத்தைப் பொறுத்தவரை இல்லாத பொருள்தான்.

நிரலில் ஏற்றுவது யார்?

பெரும்பாலும் மேலாளரும் மேயரும் பேசி நிரலை அமைக்கிறார்கள். வழக்கமான ஒப்பந்தங்கள், முந்தைய கூட்டக் குறிப்புகள் போன்றவை ‘ஒப்புதல் பட்டியல்’ என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டு, ஒரே வாக்கில் நிறைவேறும். பட்டியலிலிருந்து ஒரு பொருளைத் தனியே எடுத்து விவாதிக்குமாறு உறுப்பினர் கேட்கலாம். பக்கம் பக்கமாக வரும் அறிக்கைகளைப் படித்தவர்தான் அப்படிக் கேட்பார் என்பது வேறு செய்தி. சான் ஹொசே போன்ற பெரிய நகரத்தில் நிரலைப் பரிசீலிக்கவே தனிக் குழு உண்டு.

தனி உறுப்பினர் ஒருவர் தம் யோசனையைக் கொண்டுவர விரும்பினால், பல நகரங்களில் இன்னொருவர், சில இடங்களில் இருவர், உடன் கையெழுத்திட வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிரவுன் சட்டப்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே ஒரு பொருளைப் பற்றி ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசிக்கொள்வதும் குற்றமே. ஐந்து பேர் கொண்ட மன்றத்தில் மூவர் பெரும்பான்மை. எனவே ஓர் உறுப்பினர் ஒரே ஒரு சக உறுப்பினரிடம் மட்டுமே முன்கூட்டிப் பேச முடியும். அவர் மறுத்துவிட்டால், மூன்றாமவரிடம் அதே பேச்சை எடுப்பதே சட்டமீறலாகிவிடும். இரகசியத்தைத் தடுக்க வந்த விதி, சிறுபான்மைக் குரலையும் சேர்த்து நெருக்குகிறது என்ற குறையில் நியாயம் உண்டு.

அலுவலர் நேரத்தின் கணக்கு

நிரலில் ஏறும் பொருளுக்கு அலுவலர் அறிக்கை வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பூங்காவில் இரவு விளக்குகள் போடலாமா என்று உறுப்பினர் கேட்கிறார் என்று கொள்வோம். பொறியாளருக்கு 20 மணி, திட்ட அலுவலருக்கு 12 மணி, நிதிப் பிரிவுக்கு 4 மணி, வழக்குரைஞருக்கு 4 மணி என்றால், ஒரு கேள்வி ஒரு முழு ஆளின் ஒரு வார வேலையை விழுங்கிவிடுகிறது. வாரத்துக்கு 40 மணி வீதம் ஓர் ஊழியருக்கு ஆண்டில் 2,080 மணிதான். விடுப்பு போனால் இன்னும் குறைவு. ஐந்து உறுப்பினர்களும் மாதம் ஒரு கேள்வி கேட்டால், ஆண்டுக்கு 2,400 மணி. சிறிய நகரத்தில் இதற்கென்று தனி ஆள் இருக்கமாட்டார். கட்டட அனுமதிக்காகக் காத்திருப்பவரின் விண்ணப்பம்தான் பின்னுக்குப் போகும்.

இதனால் பல நகரங்கள் வரம்பு வைத்துள்ளன. சில மணி நேரத்தில் முடியும் வேலையை மேலாளரே ஏற்பார். அதற்கு மேற்பட்டதை முழு மன்றமும் வாக்களித்துத்தான் ஒப்படைக்க வேண்டும். சில மன்றங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் முன்னுரிமைகளை வரிசைப்படுத்திக்கொள்கின்றன. புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்பவரிடம், எதை நீக்குவது என்ற கேள்வியும் வைக்கப்படும்.

உறுப்பினர் பதவி பெரும்பாலும் பகுதிநேரப் பணி. சொந்த உதவியாளர் இல்லாத உறுப்பினருக்கு அலுவலர் அறிக்கைதான் கண்ணும் காதும். அறிக்கை எழுதும் மேலாளரைச் சார்ந்திருப்பதிலும் ஆபத்து உண்டு. பெல் என்ற சிறு நகரத்தின் மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் ஊதியம் பெற்றதை 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிப்படுத்தியது. பகுதிநேர உறுப்பினர்களில் பெரும்பாலோரும் அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் அளவுக்குப் பெற்றுவந்தனர். அந்நகரம் 2005-இல் தனிச் சாசனத்துக்கு மாறிய தேர்தலில் வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு.

குடிமக்களுக்கும் நிரலுக்குள் ஒரு வழி உண்டு. வழக்கமான கூட்டங்களில் நிரலில் இல்லாத பொருள் பற்றியும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் அதை அங்கேயே விவாதிக்க முடியாது. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், அடுத்துவரும் கூட்டம் ஒன்றின் நிரலில் சேர்க்குமாறு அலுவலர்களைப் பணிக்கலாம்.