கடுக்காய்க்கு ஒரு நிருபர்!

தோளில் பை, கையில் நோட்டு. களமருதூர் டீக்கடையில் நின்று, "வெள்ளிமலை வரைக்கும் போறேண்ணே" என்றேன். பாய்லருக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"யாரு செத்துட்டாங்க தம்பி?"

"யாரும் சாகலைண்ணே. கடுக்காய் பத்தி எழுதப் போறேன்."

"கடுக்காயா! அதுக்கு எவன் காசு குடுப்பான்?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டு கேள்வியுமே நியாயமானவை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் பலிகொண்டது. டி.வி. வேன்கள் வரிசையாக வந்தன. கூடவே கல்வராயன் மலையும் செய்தியில் ஏறியது... சாராயம் காய்ச்சுகிற மலையாக! அதே மலையில்தான் கடுக்காய் மரமும் தேனும் இருக்கின்றன. சாமை விளைகிறது. கோமுகி ஆறு பிறக்கிறது. இதற்கெல்லாம் எந்த வேனும் வருவதில்லை.

ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று பஸ் மாறி மாறி வெள்ளிமலை போகணும். கடுக்காயை யார் பொறுக்கினார், அவருக்கு எடைக்கு என்ன கிடைத்தது, நாட்டு மருந்துக் கடையில் அதுவே என்ன விலை என்று விசாரிக்கப் பத்து நாளாவது தங்கணும். போன தடவை ஒரு பத்திரிகை எனக்குக் கொடுத்தது முந்நூறு ரூபாய். அதுவும் மூன்று மாதம் கழித்து!

அந்தப் பத்து நாளுக்குப் பணம் கொடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். 2004-ல் இன்டர்நியூஸ் அமைப்பு தொடங்கிய 'எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க்', வளரும் நாடுகளின் நிருபர்களுக்குச் சுற்றுச்சூழல் செய்தி எழுத உதவித்தொகை தருகிறது. பல்லுயிர்ச் செய்திகளுக்கென்றே தனித் திட்டமும் வைத்தது. அதற்குப் பணம் ஆர்காடியா அறக்கட்டளையுடையது. அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவர் லிஸ்பெட் ரௌசிங். அவருடைய தாத்தாதான் டெட்ரா பேக் கம்பெனியை ஆரம்பித்தவர். ஸ்ட்ராவைக் குத்தி ஜூஸ் உறிஞ்சுகிறோமே, அந்த அட்டை டப்பா!

'ஆஹா, விண்ணப்பம் எங்கே?' என்று எழுந்துவிடாதீர்கள். 2010-ம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 3-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது. பாவம், கார்ட்டூனிஸ்டைக்கூட விட்டுவைக்கவில்லை! வழக்கமான தொழிலில் செய்த வேலைக்கு வரும் சம்பளம், கூலிக்கு விலக்கு உண்டு. ஆகவே வருவது நன்கொடையா, கூலியா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது உத்தமம்.

சட்டத்தின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. காசு கொடுத்தவன் பேனாவையும் பிடித்தால் என்ன ஆவது? கட்டுரையை முன்கூட்டியே கொடுத்தவரிடம் காட்டக்கூடாது. 'இந்தச் செலவை இன்னார் ஏற்றார்' என்று கட்டுரையின் கீழேயே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசகருக்கு நாமே கடுக்காய் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உள்ளூர்ப் பணத்திலும் இது நடந்திருக்கிறது. 1993-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் ஃபெலோஷிப் பணத்தில்தான் பி. சாய்நாத் நாட்டின் பரம ஏழை மாவட்டங்களைச் சுற்றினார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. அவர் எழுதியவை 1996-ல் புத்தகமாக வந்து, இன்றைக்கும் பேசப்படுகின்றன. வறுமைக்கு அப்படி ஒருவர் போக முடிந்தது. காட்டுக்கும் அப்படி யாராவது போக வேண்டாமா?

போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? 2002-ம் வருடப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்கணும். ஊரில் உள்ள செடி, கொடி, மூலிகையைப் பதிவேட்டில் ஏற்றணும். மூலிகையை எடுத்து வியாபாரம் செய்கிற கம்பெனி, ஊர் மக்களுக்குப் பங்கு தரணும். விதிவிலக்குகளும் இருக்கின்றன. இதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய ஆணையத்தின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது! கல்வராயன் கடுக்காய்க்குப் பங்கு உண்டா, விலக்கா? பொறுக்குகிறவர் கைக்கு ஏதாவது வந்ததா? இதை யாராவது நேரில் போய்க் கேட்டால்தானே தெரியும்?

திரும்பி வந்தபோது டீக்கடைக்காரர் மறக்காமல் கேட்டார்.

"காசு குடுத்தானா?"

"இன்னும் இல்லைண்ணே."

"அப்புறம் ஏன் போனே?"

"செத்தப்புறம் எழுத நிறையப் பேர் வருவாங்கண்ணே. அதுக்கு முன்னாடி எழுத ஒருத்தனாவது போகணுமில்ல?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை.

நோட்டில் வரவு எழுதிக்கொண்டேன். உள்நாட்டு நன்கொடை: ஒரு டீ. சட்டச் சிக்கல் எதுவும் இல்லை!