திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்குக் கடல் அன்றாடக் காட்சி. ஆனால் உலகின் மிகப் பெரிய உயிரினமான நீலத் திமிங்கிலம் நம் நாட்டுக் கடலில்தான் உலவுகிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, அல்லாஹ்வின் படைப்பின் பிரமாண்டத்தை நேரில் காட்ட இது நல்ல வாய்ப்பு.

கொழும்பிலிருந்து சுமார் 150 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மிரிஸ்ஸவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்லலாம். டிசம்பர், ஏப்ரல் பாடசாலை விடுமுறைகள் இதற்குள் அடங்கும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் அங்கே கடல் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலையே ஏற்றது.

ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணாதீர்கள். இரண்டு இரவுகள் தங்கினால், முதல் நாள் காணாததை மறுநாள் காணலாம். படகுகள் அதிகாலையிலேயே புறப்படும். எனவே முதல்நாளே சென்று, சுபஹ் தொழுதுவிட்டுத் துறைமுகத்துக்குப் போங்கள். வயிறு நிறைய உண்ண வேண்டாம். குமட்டலுக்கான மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு முன்கூட்டியே எடுங்கள். கர்ப்பிணிகள் இப்பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது. பிள்ளைகள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது.

படகில் ஆளுக்கொரு திசையைப் பார்த்திருங்கள். திமிங்கிலம் மீனன்று, மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். அது ஊதும் நீராவித் தூண் 9 மீற்றர் வரை உயரும். வாலை உயர்த்தி மூழ்கினால், மீண்டும் எழப் பத்து நிமிடமளவு ஆகலாம். பொறுமையாகக் காத்திருங்கள்.

மிக முக்கியமானது ஒன்றுண்டு. பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, "இன்னும் கிட்டப் போங்கள்" என்று படகோட்டியை அவசரப்படுத்தாதீர்கள். 100 மீற்றருக்குள் நெருங்குவதைச் சட்டமும் தடுக்கிறது. துரத்தினால் அது இரையையும் ஓய்வையும் விட்டு விலகிச் செல்லும். நாமும் பார்க்க முடியாது. தேவேந்திரமுனைக்குத் தெற்கே பெருங்கப்பல்கள் மோதியும் இவை மாண்டிருக்கின்றன. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் இதற்காகவே தன் கப்பல்களின் பாதையைத் தெற்கே தள்ளி மாற்றியது. இலாபம் தேடும் நிறுவனமே விலகிச் செல்லும்போது, வேடிக்கை பார்க்கப் போகும் நாம் விலகி நிற்கக் கூடாதா?

முன்பதிவு செய்யும்போதே, "தூரம் பேணுவீர்களா?" என்று கேளுங்கள். வாயில்லா ஜீவனிடமும் இரக்கம் காட்டுவது நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பல்லவா? அதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். திமிங்கிலம் தென்படாவிட்டாலும், அந்தப் பாடம் வீடு வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.