பாலம் அதிரும், கரை அதிராது

நியூயார்க் போற பலரும் கேட்கிறது, மன்ஹாட்டன் இரவுக் காட்சியை புரூக்ளின் பாலத்திலிருந்து எடுக்கலாமா?

நான் எடுத்து ஏமாந்தவன். 1883-ல் திறந்த அந்தப் பாலத்தில், நடைபாதை வண்டிகளுக்கு மேலே மரப்பலகையில் போகும். முக்காலி வச்சு நாலு செகண்ட் ஷட்டரைத் திறந்தேன். ஊருக்கு வந்து பார்த்தா, எல்லாமே கலங்கல்! கீழே வண்டி ஓட ஓட பலகை அதிருது, முக்காலியும் கூடவே அதிருது.

அதனால பாலத்தை விடியற்காலையில், கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி, ஷட்டரை வேகமா வச்சு கையிலேயே எடுங்க. இரவுக் காட்சிக்குக் கரையோர புரூக்ளின் பிரிட்ஜ் பூங்காவுக்கு இறங்கிடுங்க. மன்ஹாட்டன் அங்கிருந்து மேற்கே. சூரியன் மறையும்போது கட்டடங்கள் கறுப்பாத்தான் தெரியும், கிளம்பிடாதீங்க. கொஞ்ச நேரத்தில் வானத்து நீலமும் ஜன்னல் வெளிச்சமும் சமமாகும். அப்போ அழுத்துங்க.