யாரும் கேட்காத காருக்கு என்ன விலை?

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் நாளில், ஒரு பொருளுக்கு விலை எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மூட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வெளியூர் வியாபாரிகள் மூட்டையைப் பிரித்து, பஞ்சைக் கையிலெடுத்துப் பார்த்து விலை கேட்பார்கள். பலர் போட்டியிட்டுக் கேட்கும் இடத்தில் பொருளின் தரமும் சந்தை நிலவரமும் சேர்ந்து ஓர் எண்ணாக வெளிப்பட்டுவிடுகின்றன. அந்த எண் விவசாயிக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால், அது என்ன என்பதில் ஐயம் இருப்பதில்லை.

அதே ஊரில், ஒரு வீட்டின் கொட்டகையில் 20 ஆண்டுகளுக்கு முந்தைய இறக்குமதிக் கார் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஏலமும் இல்லை, போட்டியும் இல்லை. கேட்க வருபவர் ஒருவர். அவரும் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர். இது நடக்காத கற்பனை அல்ல. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடும், லாரிகளுக்குச் சங்ககிரியும், பாடி கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல்லும் பெயர்பெற்ற வட்டாரம் இது. வாகனத்தால் வாழும் மண்ணில், தொழில் செழித்த ஆண்டுகளில் ஊரில் எவரிடமும் இல்லாத ஒரு காரை ஒருவர் வாங்கியிருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வாங்கியவரின் காலத்துக்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. விற்பதா, வைத்திருப்பதா, உடைக்கக் கொடுப்பதா என்று பிள்ளைகள் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல, கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

செவர்லே ஃபாரெஸ்டர் என்றொரு கார் 2000-களின் முற்பாதியில் இந்தியாவில் விற்பனையானது. பெயர்தான் செவர்லே, செய்தது ஜப்பானின் சுபாரு. சுபாரு கார்களைத் தயாரித்த ஃபியூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் 20 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்தது. அந்த உறவால் இங்கே வந்த கார் அது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு, சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்தவாறு இயங்கும் எஞ்சின் என்று நல்ல பொறியியல் அதில் இருந்தது. இருந்தும் அதிகம் விற்கவில்லை. 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பங்கை விற்றது; 2017 இறுதியில் இந்தியாவில் கார் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. ஆக, பெயர் கொடுத்த நிறுவனமும் இங்கில்லை, செய்த நிறுவனத்துக்கும் இங்கே கடை இல்லை. மாருதி நிறுவனம் ஜப்பானிலிருந்து தருவித்து விற்ற ஆறு சிலிண்டர் கிராண்ட் விட்டாரா எக்ஸ்.எல்-7 காருக்கு இந்த அநாதைத்தனம் இல்லாவிட்டாலும், பெட்ரோல் செலவைக் கேட்டதும் வாங்க வந்தவர் பின்வாங்குவது இரண்டுக்கும் பொது.

இத்தகைய காருக்கு விலை பேசும்போது வீட்டில் மூன்று எண்கள் உலவும், மூன்றும் பயன்படாதவை. முதலாவது, வாங்கிய விலை. அதில் பெரும் பகுதி சுங்கத் தீர்வையாகவும் சாலை வரியாகவும் அரசுக்குப் போய்விட்ட பணம். அதை எந்த வாங்குபவரும் திருப்பித் தரப்போவதில்லை. இரண்டாவது, காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள ஐ.டி.வி. மதிப்பு. ஐந்தாண்டுகளைக் கடந்த வாகனத்துக்கு இந்த மதிப்பு காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்வது. சந்தை விலைக்கு அது சான்றாகாது. மூன்றாவது, இணையத்தில் யாரோ ஒருவர் தன் காருக்குப் போட்டிருக்கும் விலை. அது அவர் கேட்கும் விலையே தவிர, எவரும் கொடுத்த விலை அல்ல.

அப்படியானால் எங்கிருந்து கணக்கிடுவது? வாங்க வருபவரின் செலவிலிருந்து. கார் வாங்கும் ஒருவர் விற்பவருக்குக் கொடுப்பதை மட்டும் பார்ப்பதில்லை. அதைச் சாலையில் ஓட்டும் நிலையில் வைத்திருக்க அடுத்த ஐந்தாண்டில் என்ன ஆகும் என்பதையும் கூட்டித்தான் பார்க்கிறார். அந்தக் கூட்டலில் முதல் இடம் பதிவுப் புதுப்பிப்புக்கு. தனிநபர் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டண உயர்வில், உள்நாட்டுக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000 என்றும் இறக்குமதிக் காருக்கு ரூ.40,000 என்றும் ஆனது. 2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 20 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு இதை இரட்டிப்பாக்கியது: உள்நாட்டுக் காருக்கு ரூ.10,000, இறக்குமதிக் காருக்கு ரூ.80,000. ஜி.எஸ்.டி. தனி.

இதனுடன் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் சேர்ப்போம். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 2022-இல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுப் பிரீமியம் ரூ.7,897. ஐந்தாண்டுக்கு ரூ.39,485. காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்காமலேயே ரூ.1,19,485 ஆகிவிட்டது. டயர், பேட்டரி, பசுமை வரி, பெட்ரோல் எதுவும் இதில் இல்லை. எனவே, பதிவு இன்னும் நான்காண்டு மிச்சமுள்ள காருக்கும், பதிவு முடிந்துபோன அதே காருக்கும் இடையே விலையில் ஏறக்குறைய ரூ.80,000 வேறுபாடு இருப்பதில் அநியாயம் ஏதுமில்லை. புதுப்பிக்கத் தாமதித்தால் மாதத்துக்கு ரூ.500 கூடுதல் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். 'நிற்கிற காருக்கு என்ன செலவு' என்று கேட்போர் கவனிக்க வேண்டிய இடம் இது.

பலர் தவறவிடும் ஒரு செய்தி இங்கே உண்டு. வெளிநாட்டுப் பெயர் கொண்ட காரெல்லாம் இறக்குமதிக் கார் அல்ல. உதிரி பாகங்களாக வந்து இந்தியாவில் பூட்டப்பட்டவையும் ஏராளம். திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான மிட்சுபிஷி லான்சர் ஓர் உதாரணம். பதிவுச் சான்றில் வாகனம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த ஒரு குறிப்பில் ரூ.70,000 இருக்கிறது. தனிநபர் தானே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காராக இருந்தால், சுங்கத் தீர்வை செலுத்தியதைக் காட்டும் 'பில் ஆஃப் என்ட்ரி' ஆவணம் கையில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில், பூட்டான் வழியே முறைகேடாக வந்த கார்களைத் தேடிச் சுங்கத் துறை கேரளத்தில் பெரும் சோதனை நடத்தியது. அதன் பிறகு, காகிதம் இல்லாத இறக்குமதிக் காரை விவரம் அறிந்த எவரும் தொடமாட்டார்கள். தொட நினைப்பவரும் அதற்கேற்றவாறு விலையை அடித்துத்தான் கேட்பார்.

அடுத்தது உதிரி பாகம். 'பாகம் கிடைக்காது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இது பாதிதான் உண்மை. ரிக் வண்டிகளையும் லாரிகளையும் பழுது பார்த்துக் கைதேர்ந்த லேத் பட்டறைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. புஷ் கடைந்து தருவார்கள். ரேடியேட்டரைப் பிரித்து அடைப்பெடுத்துப் பற்றவைத்துத் தருவார்கள். துருப்பிடித்த அடித்தட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து டிங்கரிங் செய்வார்கள். அந்த வேலைகளுக்கு ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எந்தப் பட்டறையாலும் செய்ய முடியாதவை வேறு சில: எஞ்சினை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள், முகப்பு விளக்கு, முன் கண்ணாடி. விலை பேசும் முன் இந்த நான்கும் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது, எஞ்சின் சத்தத்தை வைத்து வாதிடுவதைவிட மேலானது. முன் கண்ணாடியில் கீறல் விழுந்த ஃபாரெஸ்டர், எஞ்சினில் எண்ணெய் கசியும் ஃபாரெஸ்டரைவிட மோசமான நிலையில் இருக்கிறது என்பதே என் கணிப்பு. கேட்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

மதிப்பு காருக்குள் இல்லை, சுற்றியுள்ள நிலைமையில்தான் இருக்கிறது என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். பொருளாதாரத் தடை இருந்த 1990-களில் யாழ்ப்பாணத்தில், ஆங்கிலேயர் காலத்து மாதிரிகளான ஏ-40, மொரிஸ் ஆக்ஸ்போர்ட் போன்ற கார்கள் சிறிது பெட்ரோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. எளிய எஞ்சின் என்பதே அவற்றின் மதிப்பாயிற்று. பின்னர், அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, எவரும் திரும்பிப் பாராத பழைய ஜப்பானியக் கார்களின் விலைகூட ஏறியது. தடை 2025-இல்தான் முழுமையாக விலகியது. அந்தக் கார்களை உருவாக்கிய ஜப்பானிலோ, 13 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் காருக்கு ஆண்டு வரி கூடுகிறது.

நம் கொட்டகைக்குத் திரும்புவோம். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர்கூட ஓடாத கார், பதிவு முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே விற்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு அது வாங்குபவரின் சுமையாகத்தான் பேசப்படும். விற்கும் இடம் உள்ளூர்ச் சந்தை அல்ல. அதே மாதிரிக் காரை வைத்திருப்பவர்கள் நாடெங்கும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு முழுக் காராக வேண்டாவிட்டாலும் பாகங்களுக்காகத் தேவைப்படலாம். சேலத்துத் தரகர் சொல்லும் விலையைவிட அது கூடுதலாகவே இருக்கும். ஆனால், பாகங்களாக விற்றால் பதிவை ரத்து செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால், புதிய காரின் விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை உடைப்பு மதிப்பு என்று மத்திய அரசின் கொள்கை சொல்கிறது. நின்றுபோன மாதிரிக்குப் 'புதிய காரின் விலை' எது என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். நடைமுறையில் இரும்பின் எடைதான் பேசும். உரிமையாளர் காலமாகியிருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்பு படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு மூன்று மாதங்கள் என்று விதியில் இருப்பது பல குடும்பங்களுக்கு மூன்றாண்டுகள் கழித்தே தெரியவருகிறது.

வைத்திருக்க விரும்புபவர் நிலைதான் இரக்கத்துக்குரியது. பழைய வாகனங்கள் சாலையில் குறைய வேண்டும் என்ற அரசின் நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், இந்தக் கட்டணம் புகையை அளக்கவில்லை. ஓடிய தூரத்தையும் அளக்கவில்லை. ஒரே வயது, ஒரே அளவு எஞ்சின் கொண்ட இரு கார்களில், ஒன்று கப்பலில் வந்தது என்பதற்காக எட்டு மடங்கு வசூலிக்கிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள சொகுசுக் காரையும், இன்று வாங்க ஆளில்லாத ஃபாரெஸ்டரையும் அது வேறுபடுத்துவதில்லை. மறுபுறம், 2021-இல் கொண்டுவரப்பட்ட விதிகள் 50 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தை 'வின்டேஜ்' என்று ஏற்று, ரூ.20,000 கட்டணத்தில் பத்தாண்டுகளுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி எண் தருகின்றன. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். நல்ல ஏற்பாடுதான். இடையில் உள்ள 30 ஆண்டுகளுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. ஜெர்மனியில் மூலநிலை மாறாமல் பேணப்பட்ட வாகனம் 30 ஆண்டுகளிலேயே பாரம்பரிய எண் பெறலாம். பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த காருக்குச் சாலை வரி விலக்கு உண்டு. ஓடும் தூரத்துக்கு வரம்பு விதித்து, புகைச் சோதனையைக் கட்டாயமாக்கி, 30 ஆண்டு என்று இங்கும் ஒரு படியை ஏற்படுத்தலாம். இப்போதுள்ள விதிப்படி, 2005-இல் பதிவான ஓர் இறக்குமதிக் கார் பாரம்பரியத் தகுதி பெற 2055 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் 2025 தொடங்கி 2050 வரை ஆறு முறை புதுப்பிக்க வேண்டும்; இன்றைய கட்டணத்திலேயே அது ரூ.4,80,000.