ஆட்டம் ஏன் திக்குகிறது?

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்துகள் விடப்படுவதை அறிவீர்கள். மணிக்கு 60 பேருந்துகள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் நிறுத்தத்தில் கூட்டம் சேராது. பத்து நிமிடம் ஒன்றும் வராமல், பிறகு பத்தும் சேர்ந்தாற்போல் வந்தாலும் கணக்கு என்னவோ 60தான். ஆனால் கைக்குழந்தையோடு காத்து நிற்பவர் படும் பாடு வேறு. கணிப்பொறி ஆட்டங்களில் படம் திக்கித் திக்கி ஓடுவதும் இதைப் போன்றதே. நொடிக்கு எத்தனை படம் என்ற சராசரி நன்றாகவே இருக்கும். படங்களுக்கு இடைப்பட்ட நேரந்தான் ஒழுங்கற்றுப் போயிருக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தில்தான் 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்நாளைய மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதில் 2005ஆம் ஆண்டு கணிப்பொறிக்கு வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' ஆட்டத்தை ஓட்டுகிறீர்கள். (சிறுவர்க்கு உகந்த ஆட்டமன்று, அது வேறு சேதி.) அந்த ஆட்டம் கேட்பது 256 மெகாபைட் நினைவகமே, உங்களிடம் அதைப்போல் பன்மடங்கு இருக்கிறது. ஆயினும் திக்குகிறது. "ராம் கூடப் போடணும் தம்பி" என்கிறார் கடைக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வரும் அப்பாவிடம் பணம் கேட்குமுன், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பெரும்பாலான மடிக்கணினித் திரைகள் நொடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. இந்த ஆட்டமோ, தன் வேக வரம்பு போடப்பட்டிருக்கும்போது நொடிக்கு 25 படங்களையே வரைகிறது. அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் 2.4. ஒரு படத்தை 2.4 முறை காட்ட முடியுமா? முடியாது. எனவே ஒரு படம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாகத் திரையில் நிற்கிறது: ஒன்றுக்கு 33 மில்லிநொடி, மற்றொன்றுக்கு 50. காட்சியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்; விடாமல் ஒரு நடுக்கம் தெரிந்தால் காரணம் இதுவே. எத்தனை ஆயிரம் கொட்டி நினைவகம் வாங்கினாலும் 60 இருபத்தைந்தால் மீதியின்றி வகுபடப் போவதில்லை! நொடிக்கு 75 முறை புதுப்பிக்கும்படி வைக்கக்கூடிய பழைய குழாய்த் திரைகளில், ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை வந்து நடுக்கம் அடங்கிவிடும்.

அப்படியானால் வரம்பையே நீக்கிவிடலாமே என்பீர்கள். நீக்கினால் வேறொரு வேடிக்கை. ஆட்டத்தின் சில அசைவுகள், எத்தனை படம் வரைந்தோம் என்பதையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. படங்கள் மிகுந்தால் கதாநாயகன் நீந்த முடியாமல் தத்தளிப்பான். ஆகவே ஆட்டத்தின் வரம்பை நீக்கி, வரைகலை அமைப்பிலோ தனி மென்பொருளாலோ 30 என்று கட்டுவதே நல்லது. அறுபதில் முப்பது இரண்டு முறை, மீதி இல்லை. செலவும் இல்லை.

நடுக்கம் விடாமல் இராமல், புதிய தெருவுக்குள் வண்டி நுழையும்போது மட்டும் படம் உறைகிறதா? திரும்பி வந்து அதே தெருவில் ஓட்டினால் சரியாக இருக்கிறதா? அப்போது ஹார்ட் டிஸ்கைச் சந்தேகியுங்கள். இந்த ஆட்டம் நகரம் முழுவதையும் நினைவகத்தில் வைத்துக்கொள்வதில்லை. போகப்போக வட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி எடுக்கிறது. படிக்கும் முனை இடம்பெயரவும் ஏறத்தாழ அவ்வளவு ஆகும். சிதறிக் கிடக்கும் நாலைந்து துண்டுகளைத் தேடுவதற்குள் ஒரு படத்துக்குரிய 40 மில்லிநொடி கடந்துவிடுகிறது.

முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு தடுமாறினால் வெப்பந்தான். சித்திரை வெயிலில் நம் பக்கத்துக் காற்றே 40 டிகிரியைத் தொடும். அதைக் கொண்டுதான் விசிறி செயலியைக் குளிர்விக்கவேண்டும். சூடு மிகுந்ததும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காற்றுத்துளையில் லாரிப் புழுதி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். மெத்தைமேல் வைத்து ஆடாதீர்கள், பலகைமேல் வையுங்கள்.

காசு செலவழித்தே ஆகவேண்டிய நிலை, வட்டு குற்றவாளி என்று தெரியும்போதுதான். அப்போதும் நினைவகம் வாங்காதீர்கள்; சுழலாத சில்லு வட்டு வாங்குங்கள். அதில் ஒரு துண்டைத் தேட மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.