கொழுந்து லொறியும் பந்தய லொறியும்

அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், மூட்டைகளைச் சுமந்துகொண்டு தொழிற்சாலையை நோக்கி வளைந்து செல்லும் லொறியை நாம் நாள்தோறும் காண்கிறோம். முடக்கு ஒன்றிலே சாரதி வண்டியைப் பின்னெடுக்க நேர்ந்தால், கிளீனர் இறங்கி நின்று, “வரட்டும், வரட்டும்” என்று குரல் கொடுப்பான். இந்த லொறியின் சாயலையுடைய வண்டிகளையே மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிப் பந்தயமிடும் நாடு ஒன்று உண்டு. அந்தப் பந்தயத்திலே கோயம்புத்தூர்த் தமிழர் ஒருவர் பகுதிநேரச் சாரதியாக ஓடினார் என்பதை நம்மிற் பலர் அறியார்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அப்பலாச்சிய மலைகள் உள்ளன. அங்கே கள்ளச்சாராயம் கடத்தியோர், காவலர் கையிற் சிக்காதிருக்கத் தம் கார்களின் எஞ்சினையும் வில்லையும் வலுப்படுத்தி, மலைப்பாதைகளில் இரவில் பறந்தனர். அவர்களுட் சிலர் யாருடைய கார் வேகமானது என்று பகலிலே பந்தயம் கட்டினர். இவ்விதம் சிதறிக் கிடந்த ஆட்டத்தை ஒழுங்குபடுத்தவே 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் ‘நாஸ்கார்’ சங்கத்தை நிறுவினார். கடையில் விற்கும் சாதாரணக் காரே ஓட வேண்டும் என்பது விதி. ‘ஸ்டொக் கார்’ என்ற பெயரும் அதனால் வந்ததே. 1949 ஜூன் மாதம் சார்லட் நகரில் நடந்த முதற் பந்தயத்தில் முதலாவதாக வந்த கிளென் டனவே, காரின் பின்வில்லை மாற்றியமைத்திருந்தமையால் வெற்றியை இழந்தார். பரிசு ஜிம் ரோப்பருக்குச் சென்றது. காலப்போக்கில் விதி மாறியது. இன்று ஓடுபவை உருவத்தில் மட்டுமே கடைக்கார்கள். உள்ளே இருப்பது பந்தயத்துக்கென்றே கட்டிய இரும்புக் கூடு. லொறி உருவ வண்டிகளுக்கான தனிப் பிரிவு 1995இல் ஆரம்பமாயிற்று.

நாராயண் கார்த்திகேயன் 1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி பிறந்தவர். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் போட்டியில் பன்முறை வென்றவர். மகன் 1994இல் இங்கிலாந்தில் போர்மியூலா போர்ட் குளிர்காலப் போட்டியிலும், 1996இல் போர்மியூலா ஆசியாவிலும் வாகை சூடினார். 2005இல் ஜோர்டான் அணியின் சாரதியாகி, போர்மியூலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில், டயர்த் தகராற்றால் ஆறு கார்களே ஓடியபோது, நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் ஈட்டினார். எனினும் அடுத்த ஆண்டு பந்தயச் சாரதியின் ஆசனம் அவருக்கு வாய்க்கவில்லை. பரீட்சார்த்தச் சாரதியாகவே பணிபுரிந்தார்.

ஓட்டுந்திறன் மாத்திரம் இருந்தாற் போதுமா? போதாது. டயர், எஞ்சின், தொழிலாளர் சம்பளம் அனைத்துக்கும் விளம்பரதாரர் பணம் வேண்டும். எத்தனை பந்தயங்களுக்குப் பணம் கிடைக்கிறதோ, அத்தனை பந்தயங்களே ஓட முடியும். பகுதிநேரச் சாரதி என்ற சொல்லின் பொருள் பெரும்பாலும் இதுவே.

2010ஆம் ஆண்டு, முப்பத்து மூன்றாம் வயதில், நாராயண் மீண்டும் மாணவனானார். மார்ச் மாதம் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் களத்தில் லொறிப் பந்தயத்தில் இறங்கினார். சுற்றளவு அரை மைலைச் சற்றே மிஞ்சிய அச்சிறு களத்தில் 250 சுற்றுகள், திரும்புவதெல்லாம் இடப்பக்கமே. முன்னர் அவர் ஓட்டிய காரின் எடை சுமார் 600 கிலோ. இந்த வண்டியோ சுமார் 1,500 கிலோ. அங்கே பிறர் சக்கரத்தைத் தொடுவது பெரும் ஆபத்து. இங்கே இடித்து வழிவிடச் செய்வது அன்றாட வழக்கம். பக்கத்தில் யார் வருகிறார் என்பதைக் களத்தின் உச்சியில் நிற்கும் ஒருவர் வானொலி மூலம் சொல்வார். நம் கிளீனரின் குரலே அங்கு அந்த உருவம் எடுத்திருக்கிறது போலும்! இவ்வளவு புதுமைகளுக்கிடையே நாராயண் பதின்மூன்றாவதாக முடித்தார். நாஸ்காரின் தேசியப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரும் அவரே.

அந்த ஆண்டு நடந்த 25 பந்தயங்களில் அவர் ஓடியவை ஒன்பது. ஒன்றிலும் வெற்றியில்லை. எனினும் ஆண்டு முடிவில், ரசிகர்களின் வாக்குகளால், அப்பிரிவின் மிகப் பிரபலமான சாரதி என்ற விருது அவருக்கே கிடைத்தது. பின்னர் 2011இலும் 2012இலும் மீண்டும் போர்மியூலா ஒன்றில் ஓடினார். 2019 நவம்பரில் ஜப்பானின் பியூஜி களத்தில், நாற்பத்திரண்டாம் வயதில், ஜெர்மானிய, ஜப்பானியக் கார்கள் சேர்ந்தோடிய பந்தயமொன்றில் முதலிடமும் பெற்றார்.

நம் மலைநாட்டுக்கும் இவ்விளையாட்டு அந்நியமன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் 1934லேயே தொடங்கிவிட்டது. ஆயினும் பந்தயப் பாதையில் வேகத்தைக் காட்டுவோர் பொதுப் பாதையில் அதனை அடக்கவும் கற்றவர்கள் என்பதை இளைஞர் மறத்தலாகாது.

ஒன்பது பந்தயம் ஓடி ஒன்றும் வெல்லாதவரிடம் கற்க என்ன இருக்கிறது என்று மாணவர் சிலர் வினவக்கூடும். உலகின் உச்சப் பந்தயத்தைக் கண்டவர், தமக்குத் தெரியாத தொழிலில் கடைசி வரிசை மாணவனாய் அமரக் கூசவில்லை. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று முயலும் நம் பிள்ளைகள், முழுநேரம் கிட்டவில்லையே என ஏங்க வேண்டுவதில்லை. கிடைத்த நேரத்தை முழுமையாக ஓட்டினாற் போதும்.